ஈரத்தை மேலே வைத்த விளம்பரம்

மதீனாவின் கடைத்தெரு வழியே சென்றுகொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், விற்பனைக்காகக் குவிக்கப்பட்டிருந்த தானியக் குவியல் ஒன்றினுள் தமது கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவினார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. நமது ஊர்களின் ஜும்ஆ மேடைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

வியாபாரத்தில் வாய்மை பற்றிய போதனையாகவே நாம் கேட்டுப் பழகிய இந்தச் சம்பவத்தினுள் மிக உலகியல் சார்ந்த ஒரு கேள்வியும் இருக்கிறது. ஈரத்தை மேலே வைத்தால் தானியம் விலைபோகுமா? போகாது என்பதுதான் உலகத்து வியாபாரிகளில் பெரும்பாலோரின் எண்ணம். விளம்பரம் என்ற கலையே அந்த எண்ணத்தின் மீது எழுப்பப்பட்டதுதான். ஆனால் அந்தக் கலையின் வரலாற்றில், அதிகம் பேசப்பட்டதும் அதிகம் நினைவுகூரப்படுவதுமான அச்சு விளம்பரங்கள் சில, ஈரத்தை மேலே வைத்தவை. அவற்றுள் முதன்மையானது, 1959ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்கச் சஞ்சிகைகளில் வெளிவந்த வொக்ஸ்வாகன் கார் விளம்பர வரிசையாகும்.

அந்த விளம்பரங்களின் புதுமையை உணர வேண்டுமானால், அவற்றுக்கு முன்னிருந்தவற்றைப் பார்க்க வேண்டும். 1950களில் அமெரிக்கக் கார் என்பது ஓடும் மாளிகை. பின்புறத்தில் மீனின் செட்டைபோல் உயர்ந்த இரும்புத் தகடுகள்; உடலெங்கும் குரோமிய மினுக்கம். விளம்பரங்களில் அந்தக் கார்கள் புகைப்படமாகக் கூட வருவதில்லை. ஓவியர்கள் அவற்றை உள்ளதைவிட நீளமாகவும் அகலமாகவும் வரைந்தார்கள். காருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு, அழகிய மனைவி, சிரிக்கும் பிள்ளைகள். கீழே பெயரடைகளின் அணிவகுப்பு. எந்தக் கம்பனியின் பெயரை எடுத்துவிட்டு எந்தக் கம்பனியின் பெயரைப் போட்டாலும் அந்த வாசகங்கள் பொருந்தும்.

எனது வகுப்பில் மாணவர்களுக்கு விளம்பரம் எழுதும் பயிற்சி கொடுப்பதுண்டு. நாற்பது கொப்பிகளைத் திருத்தினால் முப்பத்தைந்தில் 'தரமானது, மலிவானது, உங்கள் மனங்கவர்ந்தது, இன்றே நாடுங்கள்' என்றிருக்கும். பிள்ளைகள் மீது குற்றமில்லை. சுவரிலும் வானொலியிலும் அவர்கள் காண்பதும் கேட்பதும் அதுதான். டெட்ரொயிட் நகரத்துப் பெரிய கம்பனிகளும் கோடிக்கணக்கான டொலர் செலவழித்து அன்று செய்தது இதையேதான்.

இந்தச் சந்தையில்தான் அந்தச் சின்னக் கார் நுழைந்தது. வண்டுபோல் கூன் விழுந்த முதுகு, பின்புறத்தில் இயந்திரம், ஆண்டுக்காண்டு மாறாத முகம். 1949இல் அமெரிக்காவில் விற்பனையானவை இரண்டே இரண்டு. பத்து ஆண்டுகளில் நிலைமை மாறியிருந்தது. விளம்பரமே இல்லாமல் அதற்கென்று வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று சேர்ந்திருந்தது. ஆனால் 1959இன் பிற்பகுதியில் அமெரிக்கக் கம்பனிகள் தாமும் சிறிய கார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அந்தப் போட்டிக்கு முகங்கொடுக்கவே வொக்ஸ்வாகனுக்கு விளம்பரம் தேவைப்பட்டது. அமெரிக்கக் கிளையின் பொறுப்பாளராக இருந்த கார்ல் ஹான், நியூயோர்க்கில் 1949இல் ஆரம்பிக்கப்பட்ட டொய்ல் டேன் பேர்ன்பாக் என்ற நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தார்.

அந்த ஒப்படைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வொக்ஸ்வாகன் என்றால் மக்கள் கார் என்று பொருள். ஹிட்லரின் ஆட்சி தன் மக்களுக்கு வாக்களித்த கார் அது. தொழிற்சாலைக்கு 1938 மே மாதத்தில் அடிக்கல் நாட்டியவர் ஹிட்லரே. வாரந்தோறும் முத்திரை வாங்கி ஒட்டிக் காருக்காகப் பணம் சேமித்த ஜேர்மானியர் மூன்று இலட்சத்துக்கும் மேல். அத்திட்டத்தின்படி அவர்களில் ஒருவருக்கேனும் கார் கிடைக்கவில்லை. யுத்தம் வந்தது, தொழிற்சாலை இராணுவத்துக்கு வேலை செய்தது. நிறுவனத்தின் படைப்புத் தலைவரான பில் பேர்ன்பாக்கோ நியூயோர்க்கில் பிறந்து வளர்ந்த யூதர். வாசகங்களை எழுதிய ஜூலியன் கோனிக்கும் யூதர். பக்கங்களை வடிவமைத்த ஹெல்மட் குரோன், ஜேர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். யுத்தம் முடிந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர்கள் முதலில் செய்தது எழுத உட்கார்ந்ததல்ல. ஜேர்மனிக்குப் போய், வொல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலையில் கார் உருவாகும் விதத்தைப் பார்த்தார்கள். இது நேர்மையான கார் என்பதுதான் பேர்ன்பாக் அங்கிருந்து கொண்டுவந்த முடிவு. அந்த நேர்மையை எப்படிச் சொல்வது என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

முதலில் புகழ்பெற்ற விளம்பரம் இப்படி இருந்தது. பக்கத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளை. அந்த வெளியின் மூலையில், பார்வைக்குத் தட்டுப்படாமலே போய்விடக்கூடிய அளவில் கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னக் கார். கீழே சிறிய தலைப்பு: சிறிதாக எண்ணுங்கள். அதன் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. 'பெரிதாக எண்ணு' என்பதுதான் அமெரிக்கப் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கூறும் புத்திமதி. உயர்ந்ததையே உள்ளச் சொன்ன வள்ளுவரை வாசித்த நமக்கும் அது அந்நியமானதல்ல. அந்தப் புத்திமதியைத் தலைகீழாக்கிய வாசகம் அது.

தலைப்பின் கீழ் மூன்று பத்திகளில் பேச்சு நடையில் ஒரு குறிப்பு. அதில் பெயரடை மிகக் குறைவு, எண்கள் உண்டு. ஒரு கலன் பெற்றோலுக்கு 32 மைல் ஓடும். ஒரு தொகுதி டயர் 40,000 மைல் வரை உழைக்கும். ஐந்து குவாட் ஒயிலுக்குப் பதிலாக ஐந்து பைந்து போதும். அதாவது மற்றவர்களின் தேவையில் பாதி. சிறிய இடத்தில் நிறுத்தலாம், சிறிய காப்புறுதிக் கட்டணம் செலுத்தலாம், சிறிய தொகையில் திருத்தலாம் என்று போய், யோசித்துப் பாருங்கள் என்று முடிகிறது. காரின் மிகப் பெரிய குறையாக எல்லோரும் கண்ட அதன் சிறுமையை மறைக்காமல், அதையே வெள்ளைத்தாளின் நடுவே தனியே நிறுத்தினார்கள்.

அடுத்து 1960இல் வந்தது, நமது பேச்சுக்கு நேரடியாகவே பொருந்துவது. பக்கத்தில் ஒரு வொக்ஸ்வாகன் காரின் படம். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கீழே ஒரே ஒரு சொல்: எலுமிச்சை. வாங்கியபின் கோளாறு காட்டும் புதுக் காரை அமெரிக்கர் எலுமிச்சை என்பார்கள். நாம் 'பட்டைச் சாமான்' என்று தள்ளுவதைப் போன்ற வசைச்சொல் அது. சொந்தப் பொருளின் படத்துக்குக் கீழே இப்படி ஒரு சொல்லைப் போட எந்த வியாபாரி துணிவான்? கோனிக் எழுதிய வாசகத்துக்கு அந்தச் சொல்லைத் தலைப்பாக்கச் சொன்னவர் உடன் பணியாற்றிய ரீட்டா செல்டன் என்ற பெண் என்பார்கள்.

திடுக்கிட்ட வாசகர் கீழே வாசிக்கிறார். படத்திலுள்ள கார் கப்பலேறவில்லை. அதன் முன்புறப் பெட்டியிலுள்ள குரோமியப் பட்டியில் ஒரு கீறல், மாற்ற வேண்டும். உங்கள் கண்ணில் அது பட்டிருக்காது. கூர்ட் குரோனர் என்ற பரிசோதகரின் கண்ணில் பட்டது. வொல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலையில் இப்படிப் பரிசோதிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் 3,389 பேர். நாளொன்றுக்கு உற்பத்தியாகும் கார்கள் 3,000. கார்களைவிடப் பரிசோதகர்கள் அதிகம். ஒவ்வொரு காரும் 189 இடங்களில் சோதிக்கப்படுகிறது. ஐம்பதில் ஒன்று தள்ளப்படுகிறது. எலுமிச்சைகளை நாங்கள் பொறுக்கி எடுத்துவிடுகிறோம், நல்ல பழம் உங்களுக்கு என்று விளம்பரம் முடிகிறது.

இந்த விளம்பரங்கள் ஏன் மனதில் தங்கின? தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

முதலாவது, தனக்குப் பாதகமானதைத் தானே சொல்பவரை நாம் நம்புகிறோம். புகழ்பவன் கூலிக்குப் புகழ்கிறான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அவனே ஒரு குறையைச் சொல்லும்போது கேட்பவரின் சந்தேகம் தளர்கிறது. அடுத்து அவன் சொல்லும் நிறைவும் நம்பத்தக்கதாகிவிடுகிறது. இதே நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஏவிஸ் என்ற வாடகைக் கார்க் கம்பனிக்குச் செய்ததும் இதைத்தான். நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், ஆகவே கூடுதலாக முயல்கிறோம், அழுக்கான சாம்பல் கிண்ணத்தோடு கார் தர எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றது அந்த விளம்பரம். ஆண்டுக்கணக்காக நட்டத்தில் நடந்த கம்பனி இலாபத்துக்குத் திரும்பியது.

இரண்டாவது, திட்டவட்டமான ஒன்று பத்துப் பெயரடைகளைவிட வலியது. 'தரமான பரிசோதனை' என்றால் காதில் விழுந்து மறையும். '3,389 பேர்' என்றால் எண்ணிப் பார்த்தவன் பேசுகிறான் என்று தோன்றும். 1958இல் டேவிட் ஒகில்வி, ரோல்ஸ் ரொய்ஸ் காரைப் பற்றி மூன்று வாரம் வாசித்த பின்பே எழுத உட்கார்ந்தார். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரினுள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தினுடையது என்பதே அவர் தேர்ந்த தலைப்பு. அது அவரது கற்பனையன்று. தொழில்நுட்பக் கட்டுரையொன்றில் கண்டெடுத்த தகவல். அமைதி என்ற சொல்லே அதில் இல்லை. வாசிப்பவர் அமைதியைக் கேட்கிறார்.

மூன்றாவது, இந்த விளம்பரங்கள் முழுவதையும் சொல்லிவிடுவதில்லை. எலுமிச்சை என்ற சொல்லுக்கும் பழுதற்ற படத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை வாசகரே கடக்க வேண்டும். கடந்தவுடன் அந்த முடிவு அவருடையதாகிவிடுகிறது. பிறர் சொன்னதை மறப்பவர் தாம் கண்டுபிடித்ததை மறப்பதில்லை. நமது பழைய இலக்கணம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பேசியது இத்தகைய இடைவெளியைப் பற்றித்தான். நல்ல புதுக்கவிதையின் கடைசி வரியில் நாம் உணர்வதும் அதுவே.

விளம்பரத்தால் மட்டுமே கார் விற்றது என்று சொல்வதற்கில்லை. பொருள் நல்லதாக இருந்தது. விலையும் குறைவாக இருந்தது. இருந்தும் 1968இல் மட்டும் அமெரிக்காவில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான வண்டுக் கார்கள் விற்பனையாயின. 1999இல் அமெரிக்க விளம்பரத் துறையின் முன்னணிச் சஞ்சிகையான 'அட்வர்டைசிங் ஏஜ்', இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பர வரிசையாக இதனையே தேர்ந்தெடுத்தது. ஈரத்தை மேலே வைத்தாலும் தானியம் விலைபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்துடன் கட்டுரையை நிறுத்தினால் மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் நபியவர்கள் கையை நுழைத்தது குவியலின் மேற்பரப்பிலன்று. நாமும் உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எலுமிச்சை விளம்பரம் வொல்ஃப்ஸ்பேர்க்கின் பரிசோதகர்களை எண்ணிச் சொன்னது. அதே தொழிற்சாலையில் யுத்த காலத்தில் பலவந்தமாக வேலை வாங்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். போலந்திலிருந்தும் சோவியத் நாடுகளிலிருந்தும் இழுத்துவரப்பட்டவர்கள், யுத்தக் கைதிகள், வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்கள் அவர்களுள் அடக்கம். அங்கு வேலை செய்த அடிமைப் பெண்களின் கைக்குழந்தைகள் தாயரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கில் மடிந்தன. அதற்குப் பொறுப்பாயிருந்த தொழிற்சாலை வைத்தியர் பிரித்தானிய இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு 1947இல் தூக்கிலிடப்பட்டார். 3,389 என்ற எண் உலகம் முழுவதும் அச்சாகியது. 20,000 என்ற எண் எந்த விளம்பரத்திலும் வரவில்லை. வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மொம்சனும் அவரது சகாக்களும் கம்பனியின் வேண்டுகோளின் பேரில் செய்த பெரும் ஆய்வு 1996இல்தான் நூலாயிற்று. பலவந்த வேலை செய்து உயிர் பிழைத்தோருக்கான உதவி நிதியம் 1998இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்திருந்தது, பலர் மரணித்துவிட்டிருந்தனர்.

குரோமியப் பட்டியின் கீறல் மேலே வைக்கப்பட்டது. குவியலின் அடியில் கிடந்த ஈரம் அடியிலேயே கிடந்தது. பெரியதை மறைப்பதற்காகவே சிறியதைக் காட்டினார்கள் என்று நான் குற்றஞ்சாட்ட வரவில்லை. பேர்ன்பாக்கும் கோனிக்கும் அந்தக் குற்றங்களைச் செய்தவர்களின் கூட்டாளிகளல்லர். அவர்களது சொந்த இனமே அங்கு வதைபட்டது. ஆனால் விளைவு அதுதான். சின்னக் குறையை ஒப்புக்கொண்டதால் பிறந்த நம்பிக்கை, பெரிய கேள்வியைக் கேட்கத் தோன்றாமல் செய்துவிட்டது. ஹிட்லரின் கார் பத்து ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்களின் செல்லப் பிராணியாயிற்று.

இரண்டாவது ஈரம் பின்னாளில் வந்தது. 2015 செப்டெம்பரில், வொக்ஸ்வாகன் தனது டீசல் கார்களில் ஒரு கள்ள மென்பொருளைப் பொருத்தியிருந்தமை அமெரிக்காவில் அம்பலமானது. புகைப் பரிசோதனை நடக்கிறது என்று அறிந்தவுடன் கார் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வீதிக்கு வந்ததும் நச்சு வாயுவை அனுமதிக்கப்பட்ட அளவைவிட நாற்பது மடங்கு வரை கக்கும். உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. 'சுத்தமான டீசல்' என்று விளம்பரம் செய்து விற்ற கார்கள் அவை. 2017இல் கம்பனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கீறல் விழுந்த காரைக் கப்பலேற்ற மறுத்த பரிசோதகரைக் காட்டிப் புகழ் பெற்ற கம்பனி, பரிசோதனையையே ஏமாற்றுவதற்கு ஒரு கருவி செய்தது. 1960இன் நேர்மை அதன் இயல்பாக நிலைத்திருக்கவில்லை. விற்பனைக்கு உதவிய ஓர் உத்தியாகவே எஞ்சிப்போயிற்று.

மதீனத்து வியாபாரிக்கு இடப்பட்ட கட்டளைக்கும் நியூயோர்க் விளம்பரக்காரரின் உத்திக்கும் இடையிலான வேறுபாடு இங்குதான் புலப்படுகிறது. உத்தியைக் கையாள்பவர் எந்த ஈரத்தைக் காட்டுவது என்பதைத் தாமே தெரிவுசெய்கிறார். விற்பனையைக் கெடுக்காத ஈரத்தையே காட்டுவார். கட்டளைக்கு உட்பட்டவருக்கு அந்தத் தெரிவு இல்லை. நனைந்தது எதுவோ அதுவே மேலே வர வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. மழை நனைத்தது. தவறு அவருடையதல்ல. இருந்தும் மறைத்துவைத்த பொறுப்பு அவருடையதாயிற்று. 'நான் செய்ததல்ல' என்பது மறைப்பதற்குக் காரணமாகாது என்பதே அதில் நான் காணும் ஆழமான பாடம்.

இலக்கியச் சஞ்சிகையில் விளம்பரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், எழுதுபவர்களாகிய நாமும் ஒரு வகையில் குவியல் அடுக்குபவர்கள் என்பதுதான். நமது ஊர்களின் வரலாறுகளையும் பெரியார்களின் வாழ்க்கைச் சரிதங்களையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு குரோமியக் கீறல்களைத் தாராளமாக ஒப்புக்கொள்வோம்: படிப்பில் பின்தங்கினோம், ஒற்றுமையில்லாமல் போனோம் என்றெல்லாம். வாசகர் நமது நேர்மையை மெச்சுவார். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை எழுதியிருக்கிறோம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மவர் வெளியேற்றப்பட்டதை எழுதியிருக்கிறோம். இன்னும் எழுத வேண்டும். ஆனால் கிழக்கில் அதே ஆண்டுகளில் நமது அயல் தமிழ்க் கிராமங்களில் நடந்தவற்றைப் பற்றி, அவற்றில் நம்மவர் சிலருக்கிருந்த பங்கைப் பற்றி, நமது எழுத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது? கேட்டால், அது ஊர்காவல் படையினர் சிலர் செய்தது, காலம் அப்படி, நாங்கள் செய்ததல்ல என்போம். மழை நனைத்தது என்றுதான் அந்த வியாபாரியும் சொன்னார்.

அந்தப் பக்கங்களை எழுதினால் நமது துயரத்தின் கனம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். வொக்ஸ்வாகன் விளம்பரம் ஒன்றையேனும் நிரூபித்திருக்கிறது: தனக்குப் பாதகமானதைத் தானே சொல்பவரின் மற்றச் சொற்களையும் உலகம் நம்புகிறது. அதற்காகவே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதினால் அதுவும் உத்தியாகிவிடும். நனைந்திருக்கிறது என்பதற்காகவே எழுத வேண்டும்.

இப்போதெல்லாம் விளம்பரப் பயிற்சியின்போது மாணவர்களிடம் ஒரு நிபந்தனை வைக்கிறேன். விற்கும் பொருளின் உண்மையான குறை ஒன்றை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். சென்ற தவணையில் கைத்தறிச் சாரனுக்கு விளம்பரம் எழுதிய மாணவி ஒருத்தி, முதல் சலவையில் சாயம் கொஞ்சம் போகும், தனியே கழுவுங்கள் என்று தொடங்கியிருந்தாள். நாற்பது கொப்பிகளில் அந்த ஒன்றை வாசித்தபோதுதான் எனக்குச் சாரன் வாங்க வேண்டும்போல் இருந்தது.